எண்பதுக்கு வரணும்

நவம்பர் 3, ஞாயிறு

இந்த நோட்டு சாப்பாட்டை எழுதுவதற்காக வாங்கியது. நேற்று மதுரை ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் ஷர்மிளா சொன்னாள்: "வாயில என்ன போனாலும் எழுதுங்க மேடம். மனசுல தோணுறதையும் எழுதினா நல்லது. நான் சாப்பாட்டுப் பக்கத்த மட்டும்தான் பாப்பேன்." அதனால் இடது பக்கம் சாப்பாடு, வலது பக்கம் இது.

எடை 91.4. உயரம் 156. டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, "எண்பதுக்கு வாங்க. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார். பிப்ரவரி முடிவதற்குள் வர வேண்டும். அதற்கு மேல் கனகவேலின் இதயம் டயாலிசிஸைத் தாங்குவது கஷ்டம் என்று, அவன் அறையை விட்டு வெளியே போன பிறகு சொன்னார்.

கனகவேல் என் தம்பி. முப்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் நூற்று இருபத்திரண்டு கிலோ இருந்தான். முதலில் பிரஷர், பிறகு சர்க்கரை, பிறகு இரண்டு சிறுநீரகமும். அவனுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று வீட்டில் ஒவ்வொருவராகப் போய் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தோம். அம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. தங்கை மலர்க்கொடிக்குப் பிரசவத்தின்போது வந்த சர்க்கரை போகவே இல்லை. அவன் மனைவி அனுசுயா முப்பத்திமூன்று வயதில் பிரஷர் மாத்திரை போடுகிறாள். மிச்சம் நான். நாலு பேர், எட்டு சிறுநீரகம், அதில் ஆஸ்பத்திரி திரும்பிப் பார்த்தது என்னுடைய இரண்டை மட்டும்தான். ரத்த வகை சேர்கிறது. திசுவும் சேர்கிறது. எடை ஒன்றுதான் இடிக்கிறது.

ஷர்மிளாவின் அறைக்கு வெளியே மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். நானும் இன்னொரு அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவதாக வந்த பெண் இடத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள். அவளும் எங்களைப் போலத்தான். தலைக்கு மேலே டிவியில் பிஸ்கட் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். ஆறு நாள் சஷ்டி விரதம் இன்றோடு முடிந்தது. தம்பிக்காக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான்கு பீரியட், அதில் இரண்டு லேப். கால் வீங்கியிருக்கிறது.

நவம்பர் 16, சனி

92.1. கூடியிருக்கிறது.

ஷர்மிளா நோட்டைப் புரட்டினாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். டீச்சரான என்னை ஒரு டீச்சர் மாதிரி பார்த்தாள்.

"ரெண்டாந் தேதியிலிருந்து ஏழாந் தேதி வரைக்கும் வெறும் 'விரதம்'னு எழுதியிருக்கீங்க. ஒண்ணுமே சாப்பிடலையா?"

"சோறு சாப்பிடல. பலகாரம்தான்."

"என்ன பலகாரம்?"

"காலையில இட்லி."

"எத்தனை?"

"ஆறு. சின்ன இட்லி."

"மத்தியானம்?"

"ஜவ்வரிசி உப்புமா. இல்லேன்னா ரவா கிச்சடி. சாயங்காலம் பாலும் பழமும். கோயில்ல சர்க்கரைப் பொங்கல் குடுத்தாங்க. அது பிரசாதம்."

அவள் பேனாவை மூடினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இந்த மாசம் இதோட பதினோரு பேர் மேடம். எல்லாரும் விரதம் இருந்திருக்காங்க. எல்லாருக்கும் எடை கூடியிருக்கு." பிறகு, "நின்னுக்கிட்டுச் சாப்பிடறதையும் எழுதுறீங்கள்ல?" என்றாள்.

"நின்னுக்கிட்டு யாரும்மா சாப்பிடுவா?"

"இன்னைக்கு வீட்டுக்குப் போயி உங்களையே கவனிச்சுப் பாருங்க."

நேற்று இரவு நல்ல தூக்கம். எடை கூடியிருப்பது உள்ளாடை இறுக்கத்திலேயே தெரிந்திருந்தது, ஆனாலும் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

கவனித்தேன். நின்றுகொண்டு சாப்பிட்டவை: உப்பு பார்க்க ஒரு கரண்டி சாம்பார், சோற்றோடு. உருளைக்கிழங்கு வறுவல் எடுத்து வைக்கும்போது நாலு துண்டு. பிறகு ஒரு கைப்பிடி. மகள் யாழினி தட்டில் விட்டுப்போன ஒன்றரை தோசை. கணவர் தட்டில் அப்பளம். டப்பாவில் போடும்போது உடைந்த முறுக்கெல்லாம். தயிர் பாத்திரத்தை வழித்தது. கொட்டுவதற்கு மனசு வராமல் நேற்றைய சோறு.

இவை எதுவும் என் கணக்கில் சாப்பாடு இல்லை. "சாப்பிட்டியா?" என்று யாராவது கேட்டிருந்தால், இன்னும் இல்லை என்று உண்மையாகவே சொல்லியிருப்பேன்.

பிளஸ் டூ பெண்கள் லேபில் கிராஃபை முதலில் வரைந்துவிட்டு அதற்குத் தகுந்தாற்போல் ரீடிங் எழுதுவார்கள். நோட்டைத் தூக்கி எறிவேன். இருபது வருடமாக எறிகிறேன்.

நவம்பர் 25, திங்கள்

காலையில் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் நாற்பது நிமிடம் நடந்தேன். நடக்க வரும் பெண்கள் ஏழெட்டுப் பேர். முடித்ததும் எல்லோரும் டீக்கடைக்குப் போகிறார்கள். "வாங்க டீச்சர், உளுந்த வடை சூடா இருக்கு. நடந்த நடைக்கு ஒண்ணு தாங்கும்." நான் டீ மட்டும் குடித்தேன் என்று எழுதத்தான் ஆசை. இடது பக்கத்தில் ஒரு வடை எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 30, சனி

89.6. முதல் முறையாகத் தொண்ணூறுக்குக் கீழே.

தம்பிக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமைகளில் நானும் அவனும் திருமங்கலத்திலிருந்து சேர்ந்தே மதுரைக்குப் போகிறோம். மாடியில் அவன் நாலு மணி நேரம் படுத்திருப்பான். கீழே எனக்கு எடை.

காரில் அனுசுயா முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நாங்கள் இரண்டு பேர்.

"தள்ளி உக்காருக்கா."

"எங்கடா தள்றது? கதவத் தொறந்துதான் தள்ளணும்."

"நீ எண்பதுக்கு வந்துட்டா எனக்கு ரெண்டு இஞ்சு கெடைக்கும். கிட்னியவிட அது முக்கியம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஏக்கா, உன் கிட்னிய எனக்கு வச்சா, அது பிஸிக்ஸ் பாடம் எடுக்குமா?"

"பெயிலாக்கி விட்ரும்."

"பத்தாவதுல நீ பண்ணாததா? எனக்கு டியூசன் எடுத்தவங்கள்ல எம் மார்க்கக் கொறச்சவ நீ ஒருத்திதான்."

அனுசுயா திரும்பி, "பேசாம வாங்க. மூச்சு வாங்குது" என்றாள். பேசியது அவன்தான், ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இரவு தூக்கமில்லை. விலாவுக்குக் கீழே கை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று இதுவரை நான் கேட்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

பள்ளியில் மருத்துவ முகாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு எடை, உயரம். நான்தான் மேற்பார்வை. கூடுதல் எடை இருந்தால் அட்டையில் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் தந்தார்கள். வகுப்புக்கு நாற்பது அட்டை என்றால் பதினைந்து, பதினாறில் வட்டம் இருந்தது. நான் படிக்கும்போது இதே முகாமில் ஒல்லியாக இருப்பவர்களைத்தான் தனியாக நிறுத்துவார்கள். அவர்களுக்கு ஒரு டானிக் பாட்டில் கொடுப்பார்கள்.

டிசம்பர் 9, திங்கள்

பெற்றோர் பன்னிரண்டு பேர் வந்து சத்தம் போட்டார்கள். "வளர்ற புள்ளைய குண்டுன்னு எழுதிக் குடுக்கறீங்களே, நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை நீங்க பாப்பீங்களா?" என்றாள் ஒருத்தி. கையில் பிள்ளைக்குக் கொடுக்க வாங்கிவந்த பப்ஸ் பொட்டலம். அடுத்த வருடம் முதல் எடை பார்ப்பதோடு சரி, அட்டையை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று தலைமையாசிரியை முடிவு செய்தார். பிரச்சினை தீர்ந்தது.

யாழினியின் அட்டையை இன்னும் நான் பார்க்கவில்லை. அவள் பத்தாம் வகுப்பு, வேறு பள்ளி. அங்கேயும் முகாம் நடந்தது என்று கேள்விப்பட்டேன். "தொலைஞ்சு போச்சும்மா" என்கிறாள். நான் துருவவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். பொரி உருண்டை செய்யவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன். அம்மா போனில், "நல்ல நாளும் அதுவுமா வீட்ல இனிப்பு செய்யாம இருப்பாளா ஒருத்தி?" என்றாள். அவளுக்கே சர்க்கரை இருநூற்றெண்பது.

அவர் டூட்டி முடிந்து வரும்போது பால்கோவா வாங்கி வந்தார். அவர் ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நிமிடம் நிற்கும். கல்யாணமான புதிதில் வாரம் ஒரு தடவை வாங்கி வருவார். நடுவில் பல வருடம் நின்றுபோயிருந்தது. நவம்பரிலிருந்து மறுபடி வாங்குகிறார், இரண்டு நாளைக்கு ஒரு தடவை. நான் டயட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். மேஜைமேல் வைத்துவிட்டு, "சும்மா ஒரு வாய் சாப்பிடு ஜெயா, மூஞ்சியே வாடிப்போச்சு" என்கிறார்.

அவருக்கு என்மேல் பிரியம் அதிகம். வெளியே காட்டத் தெரியாது.

டிசம்பர் 28, சனி

88.9. போன தடவையும் இதே. "நகரவே இல்லையே" என்றாள் ஷர்மிளா. "எழுதியிருக்கறதப் பாத்தா ரெண்டு கிலோ எறங்கியிருக்கணும். ஏதாவது விட்டுட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தம்பியின் இதயம் பம்ப் செய்யும் அளவு போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. இன்னொன்று, என் கணவரின் சம்மதக் கடிதம் இன்னும் வரவில்லை. திருமணமானவர் கொடுப்பதென்றால் அது இல்லாமல் அனுமதி தரும் கமிட்டிக்கு அனுப்ப மாட்டார்களாம். "அவருக்கு டூட்டி சார், அடுத்த வாரம் கொண்டு வர்றேன்" என்றேன். நவம்பரிலும் அதையேதான் சொன்னேன்.

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 3, வெள்ளி

பீரோவில் அவருடைய காக்கிச் சட்டைகளுக்கு அடியில் கடிதம் இருந்தது. மடிப்புக் கலையவில்லை. கையெழுத்து இல்லை.

சாயங்காலம் அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் ஷூ லேஸையே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எடை எறங்கட்டும், போடுவோம்னு இருந்தேன்."

"எறங்கக் கூடாதுன்னுதான பால்கோவா வாங்குனீங்க?"

"நான் வாங்குனேன். வாயில ஊட்டியா விட்டேன்?"

இடது பக்கத்தில் பால்கோவாவை நான் ஒரு நாளும் எழுதியதில்லை.

"என் டிப்போவுல ஒருத்தனோட சம்சாரம், உன் வயசுதான், கர்ப்பப்பை ஆபரேசனுக்குப் போச்சு. ஒடம்பு இருக்கற இருப்புல மயக்க மருந்தே தாங்கல. நீ ஒண்ணக் குடுத்துட்டு இருக்கற ஒண்ணும் நாளைக்கு மக்கர் பண்ணுச்சுன்னா? யாழினிக்கு யாரு? கனகு எனக்கும் தம்பிதான். இல்லேங்கல. ஆனா நான் கையெழுத்துப் போட்டு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் கைய நான் என்ன பண்றது சொல்லு?"

அவர் அழவில்லை. பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். கல்யாணத்தின்போது ஒல்லியாக இருந்தவர். இப்போது குனிந்தால் அவருக்கும் லேஸ் எட்டுவதில்லை. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துத்தான் அவிழ்க்கிறார்.

ஜனவரி 11, சனி

87.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். தம்பி பொங்கல் சீர் கொண்டு வந்தான்.

இந்த வருடம் வேண்டாம் என்று நான் போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அப்பா போன பிறகு பதினான்கு வருடமாக அவன்தான் கொண்டு வருகிறான். பச்சரிசி, வெல்லம், பருப்பு, நெய், ஒரு தார் வாழைப்பழம், ஒரு ஜோடி கரும்பு, எனக்கு ஒரு புடவை. அனுசுயா ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். "சீர ஆட்டோக்காரன் குடுப்பானா?" என்று இவனே கிளம்பிவிட்டான். இரண்டு தெருதான். ஆட்டோவிலிருந்து இறங்கியவன், கரும்பை மட்டுமாவது தன் தோளில் வைத்துத்தான் கொண்டு வருவேன் என்று நின்றிருக்கிறான். வாசலில் மூன்று படி. இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலமாக இருந்தது. நானும் அவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே கொண்டு வந்தோம். அவனைத் தூக்கியதில் எனக்கும் மூச்சு வாங்கியது, அவருக்கும் வாங்கியது. மூன்று பேரும் ஹாலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அத்தான், நம்ம மூணு பேரும் சேர்ந்தா ஒரு லாரியவே இழுக்கலாம். ஆனா இழுக்க மாட்டோம், ஏறித்தான் உக்காருவோம்."

தண்ணீர் கேட்டான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவனுக்கு. கால் டம்ளர் கொடுத்தேன். அதையும் இரண்டு வாயாகக் குடித்தான்.

நடுவீட்டில் சீர்த் தட்டு இருந்தது. வாழைப்பழமும் கரும்பும் அவன் தொடக் கூடாது, பொட்டாசியம். வெல்லமும் நெய்யும் அரிசியும் நான் தொடக் கூடாது. அவருக்குப் போன மாதம் கொழுப்பு முந்நூறு. "யாழினிக்கு ஆகும்ல" என்றான் தம்பி. யாழினி கதவோரம் நின்றிருந்தாள். சுடிதாரின் பக்கத் தையலைப் பிரித்து விட்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை பிரித்த தையல். பழத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி கிளம்பும்போது, "அக்கா, ஒன்னால முடியலேன்னா முடியலேன்னு சொல்லிரு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றான். "போடா" என்றேன்.

அவர் தம்பியை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்ததும் பேனாவைத் தேடினார். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஜனவரி 25, சனி

84.1. கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

அவர் இப்போது எதுவும் வாங்கி வருவதில்லை. மேஜை வெறுமையாக இருக்கிறது. டூட்டி முடிந்து வந்து கையைக் கழுவிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். நானும்தான். ஒருவருக்கொருவர் கொடுக்க எங்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

வெள்ளரிக்காய், மோர், சுண்டல், கீரை. தலை சுற்றுகிறது. ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் காதோடு கேட்டாள்: "ஏன் டீச்சர் இப்படி எளச்சுட்டீங்க, சுகர் எதுவும் வந்துருச்சா?" தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தபோது யாரும் எதுவும் கேட்டதில்லை. நல்லா இருக்கீங்க என்பார்கள்.

ராத்திரிகளில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தூக்கம்.

பிப்ரவரி 8, சனி

81.7. ஷர்மிளா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேலைக்குச் சேர்ந்த நாலு வருசத்துல, சொன்ன எடைக்குப் பக்கத்துல வந்தது நீங்க மூணாவது ஆள்" என்றாள். வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் சுவரோரமாக ஆறு பேரும் காத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு எத்தனை பேர் பார்ப்பாய் என்று கேட்டேன். காலையில் மட்டும் நாற்பது என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

பிராக்டிகல் தேர்வு. மூலைப் பெஞ்சுப் பெண் ரீடிங்கை அடித்து எழுதுவதைப் பார்த்தேன். அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தேன்.

பிப்ரவரி 15, சனி

80.4. "பாயின்ட் நாலுக்காக நிக்க வேண்டாம்" என்றார் டாக்டர். இனிமேல்தான் முழுப் பரிசோதனை. எடை இறங்காமல் மற்ற டெஸ்டுகளை எடுப்பதில்லையாம். குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். இருபத்துநாலு மணி நேரச் சிறுநீருக்குப் பெரிய கேன் தந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு என் வாயில் போன முதல் இனிப்பு அந்தக் குளுக்கோஸ்தான். கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

தம்பிக்கு மெஷினில் படுத்திருக்கும்போதே பிரஷர் இறங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவனிடம் 80.4 என்று விரலால் காட்டினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

பிப்ரவரி 22, சனி

டாக்டர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். இயற்பியல் டீச்சர், புரியும் என்று நினைத்திருப்பார். எண்கள் புரிந்தன. சர்க்கரை இருக்கிறது. எல்லைக்கோட்டில் இல்லை, தாண்டிப் போய்விட்டது. சிறுநீரில் புரதம் போகிறது.

"இது இந்த மூணு மாசத்துல வந்ததில்லம்மா. அஞ்சாறு வருசமாவே உள்ள இருந்திருக்கும். எடை கொறச்சது உங்களுக்கு நல்லது, விட்றாதீங்க. ஆனா இந்தக் கிட்னிய நாங்க எடுக்க முடியாது. அது உங்களுக்கே வேணும்."

"ஒண்ணு மட்டும்தான கெட்டிருக்கும் சார்?" என்று கேட்டேன். இயற்பியல் டீச்சர் கேட்ட கேள்வி இது. அவர் பொறுமையாக, "ரெண்டுக்கும் ஒரே ரத்தம்தான்மா போகுது" என்றார்.

"வேற யாராவது..." என்று ஆரம்பித்து, எங்கள் குடும்பத்து ஃபைலின் கனத்தைப் பார்த்து அவரே நிறுத்திக்கொண்டார். அரசாங்கப் பட்டியலில் பெயர் இருக்கிறது, வரிசை நகரும்போது நகரட்டும் என்றார். அந்த வரிசை எத்தனை வருடம் என்று எங்களுக்குத் தெரியும். தம்பிக்கு எத்தனை மாதம் என்பதும் தெரியும்.

நர்ஸ் கீழேயே என்னை உட்காரவைத்து என் பெயரில் புது ஃபைல் போட்டாள். இதுவரை நான் தம்பியின் ஃபைலில் ஒரு பக்கமாகத்தான் இருந்தேன். வயது, உயரம், எடை எல்லாம் கேட்டு எழுதினாள். தலையைத் தூக்காமல், "குடும்பத்துல வேற யாருக்காச்சும் கிட்னி பிரச்சினை இருக்காம்மா?" என்றாள்.

"தம்பிக்கு."

"எங்க பாக்குறாங்க?"

"இங்கதான். மாடியில படுத்திருக்கான்."

மாத்திரைச் சீட்டையும் உணவுப் பட்டியலையும் கொடுத்தாள். பட்டியலைக் கைப்பையில் வைத்தேன். மாடிப்படியின் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அந்த ஒரு நிமிடம் எனக்குள் என்ன இருந்தது என்று இந்தப் பக்கத்தில்கூட எழுதப் போவதில்லை.

அனுசுயா வராந்தாவிலேயே எழுந்து நின்றாள். "மதினி?" என்றாள். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று நினைவில்லை. அவள் அப்படியே மறுபடி உட்கார்ந்தாள்.

உள்ளே தம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தான். ஒரு பக்கக் குழாயில் ரத்தம் போய்க்கொண்டும் இன்னொன்றில் வந்துகொண்டும் இருந்தது. பக்கத்தில் நின்றேன். சொல்வதற்கு வரிசையாக வாக்கியங்கள் வைத்திருந்தேன், மருந்து இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று. அவன் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தான். அந்தக் குறுகலான கட்டிலில் அவனுக்கே இடம் போதாது. வீங்கிய காலை மெதுவாகச் சுவர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டு, நான் உட்கார இடம் விட்டான்.